இடுப்பு வலிக்கு டென்ஸ் கருவி: என் அனுபவம்

நாள்பட்ட இடுப்பு வலிக்காக, தோல் வழியாக நரம்புகளுக்கு மின்துடிப்பு தரும் டென்ஸ் (TENS) கருவி ஒன்றைப் பல மாதங்களாக வீட்டில் பயன்படுத்துகிறேன். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, இரண்டு வயர், தோலில் ஒட்டும் நான்கு பட்டைகள், அவ்வளவுதான். வலிக்கிற இடத்தைச் சுற்றி ஒட்டி பட்டனை அழுத்தினால் விறுவிறுவென்று மின்துடிப்பு ஓடும்.

எனக்கு வேலை செய்கிறது. நொடிக்கு 80 முதல் 100 துடிப்பு என்று வைத்து, வலிக்காத அளவுக்கு நன்றாகக் கூட்டினால் குடைச்சல் அடங்கிவிடும். நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். குணமாக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு நடை போய்வர முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கும் அல்லவா? கருவி செய்வதும் அதைத்தான். தொடு உணர்வு நரம்புகள் முழுவீச்சில் இயங்கும்போது, தண்டுவடத்தில் உள்ள ஒரு ‘வாயில்’ வலிச் செய்தியைக் குறைத்தே மேலே அனுப்புகிறது என்று 1965இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் சொன்னார்கள். 1967இல் வாலும் நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் நோயாளிகளின் நரம்புகளை மின்சாரத்தால் தூண்டி, வலி தற்காலிகமாக அடங்குவதைக் காட்டினார்கள்.

எந்த அளவில் வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு இதமாக இருக்கும் அளவை என் கணவரால் தாங்கவே முடியவில்லை. எனக்கேகூட, சரியாகத் தூங்காத மறுநாள் அதே எண் சுருக்கென்று குத்துகிறது. தூக்கம், பயம், கவலை எல்லாம் வலியின் அளவை மாற்றும். அதற்காக வலி பொய்யாகிவிடாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்று கேட்டுக் கேட்டு நொந்தவள் நான். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வலியின் வரையறையோடு, ஒருவர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

நம்பிக்கையில்தான் குறைகிறது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1978இல் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வில், போலி மருந்தால் தணிந்த வலி நலோக்சோன் கொடுத்ததும் கூடியது. நலோக்சோன், அபின் வகை வலிநிவாரணிகளின் வேலையைத் தடுப்பது. அப்படியென்றால் நம்பிக்கைகூட உடம்புக்குள்ளேயே அந்த வகை வலிநிவாரணியைச் சுரக்க வைக்கிறது. என் நிம்மதியில் ஒரு பங்கு அப்படி வந்தாலும் அது நிஜ நிம்மதிதான்.

குறை என்றால் பட்டைகள்தான். தோலில் எண்ணெய்ப் பசை இருந்தால் சீக்கிரமே ஒட்டாமல் போகும். அப்புறம், ஒரே துடிப்பு உடம்புக்குப் பழகிவிடும் என்பதால் துடிப்பை மாற்றி மாற்றித் தரும் வசதி அவசியம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், கழுத்தின் முன்பக்கம் யாருமே ஒட்டக் கூடாது. வாங்குவதானால் பட்டைகள் தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பாருங்கள்.