ஹார்ஸ்ராடிஷ்: தரையா, வாளியா, கடை பாட்டிலா?

காரமான வேருக்காக வளர்க்கிற ஹார்ஸ்ராடிஷ் செடியைத் தரையில் நட்டால் அது அந்த இடத்தை விட்டுப் போகாது, இதைத் தெரிந்துகொண்டு நடுங்கள். முழுசாகத் தோண்டி எடுத்தாயிற்று என்று நினைப்பீர்கள், உள்ளே அறுந்து கிடக்கிற ஒரு சின்ன வேர்த்துண்டு போதும், அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் அகல இலையோடு எட்டிப் பார்க்கும். இங்கிலாந்தில் ரயில் பாதையோரம், சாலையோரமெல்லாம் யாரும் கவனிக்காமலேயே இது தழைத்து நிற்பது இப்படித்தான். ஆனால் தடிமனான, நேரான வேர் வேண்டுமென்றால் தரையை அடிக்க முடியாது. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து காலின்ஸ்வில் பக்கம், மிசிசிப்பி ஆற்று வண்டலில், இதை வயல் வயலாகப் போடுகிறார்கள். ஆழமான இளகிய மண்தான் அதன் ரகசியம்.

ஒரு வீட்டுக்கு அவ்வளவு எதற்கு? என் ஓட்டு வாளிக்குத்தான். 45 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும், அடியில் ஓட்டை இருக்கட்டும், அப்புறம் வாளியை மண்மேல் வைக்காமல் கல்தளத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை வழியாகவே வேர் இறங்கித் தரைக்குக் குடிபோய்விடும். வாளியில் வேர் கொஞ்சம் மெலிந்துதான் வரும், தண்ணீரும் அடிக்கடி கேட்கும். மார்ச்சில் பென்சில் தடிமனில் ஒரு சாண் வேர்த்துண்டு நட்டால் போதும். விற்பவர்கள் மேல்நுனியை நேராகவும் கீழ்நுனியைச் சாய்வாகவும் வெட்டியிருப்பார்கள், தலைகீழாக நட்டுவிடக் கூடாது என்பதற்காக. முட்டைக்கோஸ் குடும்பம் என்பதால் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைச் சல்லடையாக்கும். நமக்கு வேண்டியது வேர், விட்டுத் தள்ளுங்கள். பனி விழுந்து இலை கருகியதும் தோண்டலாம். பெரிய வேர் சமையலுக்கு, பக்க வேர்கள் அடுத்த நடவுக்கு. வருஷக்கணக்கில் தோண்டாமல் விட்டால் கட்டையாகி நார் தட்டிவிடும்.

சரி, சமையல். கடையில் வாங்குகிறவர்கள் லேபிளைப் பாருங்கள். சாஸ் என்று எழுதிய பாட்டிலில் கிரீம், எண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்ந்திருக்கும், ஹார்ஸ்ராடிஷ் பேருக்குத்தான். துருவி வினிகரில் போட்டது வேறு; அதில் காரம் உண்டு, ஆனால் திறந்து வைத்தால் வாரத்துக்கு வாரம் மங்கிக்கொண்டே போகும்.

புதிதாகத் துருவினால் கதையே வேறு. முழு வேரை மோந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. துருவும்போதுதான் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த சினிகிரின் என்ற வேதிப்பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் கலந்து, அந்த மூக்கைத் தாக்கும் எண்ணெய் உண்டாகிறது. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் சுள்ளென்று ஏறுமே, அதே சரக்கு. வினிகர் ஊற்றியதும் அந்த வேலை நின்றுவிடும். அதனால் துருவிய உடனே ஊற்றினால் சாது, மூன்று நிமிஷம் பொறுத்து ஊற்றினால் முரடு. ஊற்றாமலே வைத்தால் காரமும் போய் நிறமும் கறுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துத் துருவுங்கள், வெங்காயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

சூடு இதற்கு ஆகாது, கொதிக்கவிட்டால் காரம் ஆவியாகிவிடும். ரோஸ்ட் பீஃபுக்குப் புளித்த கிரீமோடு கலந்து பக்கத்தில் வைப்பது இங்கிலாந்து வழி. போலந்தில் ஈஸ்டருக்கு வேகவைத்த பீட்ரூட்டோடு துருவிக் கலப்பார்கள், ஆஸ்திரியாவில் ஆப்பிளோடு கலந்து வேகவைத்த மாட்டிறைச்சிக்கு வைப்பார்கள். எனக்குப் பிடித்தது பீட்ரூட். அதன் இனிப்பும் இந்தக் காரமும் அப்படிப் பொருந்தும். இலையையும் எறிய வேண்டாம், ரஷ்யாவில் வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் போடுகிறார்கள், காய் மொறுமொறுப்பாக நிற்கும் என்று.

ஜப்பானியர் சூஷியோடு வைக்கிற காரமான வசாபி? குழாயில் வருகிற மலிவான பச்சைப் பசையில் பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷும் நிறமும்தான். நிஜ வசாபிக்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும் ஓரிரு வருஷப் பொறுமையும் வேண்டும், அதனால் வீட்டுத் தோட்டத்துக்குப் போட்டியே இல்லை. முருங்கை வேரை வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் இதற்குப் பதிலாகத் துருவிச் சாப்பிட்டது உண்மைதான், ஆனால் அந்த வேர்ப்பட்டையில் நச்சுள்ள ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, அந்த வேலை வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் ரோஸ்டுக்கு மட்டும்தான் என்றால் பாட்டிலே வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு மூன்று தடவை தேவைப்படுகிறவர்கள் வாளியில் வைத்து, தோண்டிய வேரைக் கழுவி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். உருகவிடாமல், வேண்டிய அளவு அப்படியே துருவினால் போதும்.