ரோமிலிருந்து ஒரு நாள் பயணம்: சிவிதாவா, ஓர்வியேட்டோவா?

ரோமில் ஒரு செமஸ்டர் படிக்க வருகிற எவரும் மூன்றாவது வாரத்துக்குள் சிவிதா தி பாஞோரேஜோவின் படத்தை எங்காவது பார்த்துவிடுவார்கள். சுற்றிலும் பள்ளம், நடுவில் ஒற்றைப் பாறை, அதன் தலையில் கொஞ்சம் வீடுகள், போய்ச்சேர ஒரே ஒரு நடைப்பாலம். நானும் பார்த்தேன், போனேன். அதே செமஸ்டரில் ஓர்வியேட்டோவுக்கும் போனேன். ஒரு நாள்தான் லீவு, எங்கே போகலாம் என்று ஜூனியர்கள் கேட்டால் ஓர்வியேட்டோ என்றுதான் சொல்கிறேன். உடனே அந்தப் படத்தைக் காட்டிச் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் கணக்கை எழுதியே வைத்துவிடுகிறேன்.

இரண்டுக்கும் ஒரே வழிதான். தெர்மினி ஸ்டேஷனில் சாதாரண ரயிலில் ஏறினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் ஓர்வியேட்டோ. இரண்டுமே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைமேல், ரோமானியர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்கள் காலத்திலிருந்து இருக்கும் ஊர்கள். கல் பாவிய சந்து, ஜன்னலில் பூத்தொட்டி, வெயில் காயும் பூனை எல்லாம் இரண்டிலும் உண்டு. அளவுதான் வேறு. ஓர்வியேட்டோ பேராலயம் உள்ள நகரம், கிராமம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். சிவிதாவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வித்தியாசம் ரயிலை விட்டு இறங்கியதும் தொடங்குகிறது. ஓர்வியேட்டோ ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விஞ்ச் இருக்கிறது, பழநியில் இருக்கிற அதே சங்கதி. 1888-இல் தண்ணீரின் எடையைக் கொண்டு ஓடத் தொடங்கி, 1970-இல் நின்றுபோய், 1990 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது. உட்கார்ந்தால் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். சிவிதாவுக்குப் போகிறவர்கள் இங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் மலைப்பாதையில் போய், பக்கத்து ஊரான பாஞோரேஜோவில் இறங்கி, அந்த ஊரைக் கடந்து அரை மணி நேரம் நடந்தால் பாலம் வரும். ஒரு நாளைக்குச் சில பஸ்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கிடையவே கிடையாது.

இந்த பஸ்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை நானும் கூடப் படிக்கும் தோழியும் போனோம். காலை ஆறரைக்கு அறையைப் பூட்டினோம், பாலத்தில் கால் வைக்கும்போது மணி பதினொன்று. சிவிதாவை நன்றாகவே சுற்றிப் பார்த்தோம், ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தால் பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. தப்பு எங்களுடையதுதான், பாலத்தில் ஒரு படம் கூடுதலாக எடுத்தோம். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. மறுபடி பாலம் ஏறத் தெம்பில்லை, உட்கார்ந்த காபிக் கடையிலும் மதிய ஓய்வுக்கு நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அறைக்கு வந்தபோது இரவு ஏழரை. பதின்மூன்று மணி நேரத்தில் பார்க்க வந்த ஊரில் இருந்தது ஒன்றேகால் மணி. சரி, பஸ்ஸைப் பிடித்திருந்தால்? நாள் சீக்கிரம் முடிந்திருக்கும், ஊரில் இருந்த நேரம் அதே ஒன்றேகால்தான்.

ஓர்வியேட்டோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எட்டு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குத் திரும்பினேன், மலைமேல் மட்டும் ஏழு மணி நேரம். எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்ற பயமே இல்லை. ஒரு ரயில் போனால் அடுத்தது வரும்.

அந்த ஏழு மணி நேரத்துக்கும் அங்கே தீனி இருக்கிறது. விஞ்சை விட்டு இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே புனித பாட்ரிக் கிணறு. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பயந்து வெட்டச் சொன்னது. சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞர் இரண்டு சுழல் பாதைகளைப் பின்னி அமைத்தார். தண்ணீர் எடுக்க இறங்கும் கழுதையும் சுமந்து ஏறும் கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாது. 248 படி. இறங்கும்போது ஜன்னல் வழியாக எதிர்ப்பாதையில் ஏறுகிறவர்களின் முகம் தெரியும், ஆனால் எங்குமே சந்திக்க மாட்டோம். ஏறும்போது நின்று நின்றுதான் வந்தேன். கிணறு முடிந்தது 1537-இல், கிளெமென்ட் அதற்குள் இறந்துவிட்டார்.

அப்புறம் 1290-இல் தொடங்கிய பேராலயம், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சுவர். உள்ளே சின்யோரெல்லி வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியங்களில் தரையைப் பிளந்துகொண்டு எலும்புக்கூடுகள் எழுந்து வருகின்றன. ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். ஊருக்கு அடியில் பாறையைக் குடைந்த குகைகள். ஒரு குகைச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், சாப்பிடுவதற்காகப் புறா வளர்த்த இடமாம். அந்த ஊர் வெள்ளை ஒயின் பேர்போனது. நான் குடிப்பதில்லை, அதனால் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

சிவிதாவைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. பாலத்திலிருந்து முதலில் பார்க்கும் அந்தக் காட்சிக்கு ஓர்வியேட்டோவில் ஈடே இல்லை. அடியில் களிமண், மேலே பாறை; களிமண் கரையக் கரைய ஓரம் இடிந்துகொண்டே வருகிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு பலரும் வெளியேறிவிட்டார்கள். ஒரு வீட்டின் முன்சுவர் மட்டும் நிற்கிறது, அதன் ஜன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, வானம்தான். அங்கே நின்றபோது உடம்பு சிலிர்த்தது. நுழைவுக்கு 2013-இல் ஒன்றரை யூரோவில் தொடங்கிய கட்டணம் நான் போனபோது ஐந்து யூரோ, அது பெரிய விஷயமே இல்லை. கார் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் என் கணக்கு மொத்தமும் மாறும். இரவு அங்கேயே தங்குவதும் வேறு கதை, நான் தங்கியதில்லை. இரண்டுக்கும் குளிர் தொடங்கும் நேரத்தில்தான் போனேன், கோடைக் கூட்டத்தைப் பார்த்ததில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சிவிதாதான் என்றால், வார நாளில் போங்கள். திரும்புவதற்கான பஸ் டிக்கெட்டையும் ஓர்வியேட்டோவிலேயே வாங்கிவிடுங்கள். பாஞோரேஜோவில் இறங்கியதும் நடக்கத் தொடங்காதீர்கள், முதலில் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் படம் எடுங்கள்.