ஐடி வேலைக்கு பிஎச்.டி: கொடுக்கிற காசுக்கு வொர்த்தா?

கணினி அறிவியலில் முழுநேர பிஎச்.டி.க்குக் கொடுக்கிற விலை கட்டணமல்ல, வருடங்கள். ஆய்வு மாணவருக்கு அரசு தரும் இளநிலை உதவித்தொகையான ஜேஆர்எஃப் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து முதுநிலை உதவித்தொகையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. ஐந்து வருடத்துக்குக் கூட்டினால், வாடகைப்படி நீங்கலாக, 24 லட்சம். பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகையான பிஎம்ஆர்எஃப் கிடைத்தால் 70,000-ல் தொடங்கி 80,000 வரை ஏறும். மொத்தம் 45 லட்சம், போக ஆய்வுச் செலவுக்கு வருடம் 2 லட்சம். எம்.டெக்.கோடு நிறுத்திக்கொண்டு நல்ல புராடக்ட் கம்பெனியில் சேர்ந்தவர் இதற்குள் ஓரிரு பதவி உயர்வு பார்த்திருப்பார். அந்த இடைவெளியை அடைத்துவிடுகிற வேலைகள் உண்டு. எண்ணிக்கைதான் குறைவு.

பெங்களூருவில் 2005 முதல் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச், 2019-ல் வந்த கூகுள் ரிசர்ச் போன்ற இடங்களில் ரிசர்ச் சயின்டிஸ்ட் ஆக இந்தப் பட்டம் கிட்டத்தட்ட கட்டாயம். அமேசானின் அப்ளைடு சயின்டிஸ்ட் வேலைக்கு நல்ல பலம். அனுபவமுள்ள முதுகலைக்காரர்களும் அங்கே போட்டிக்கு வருவார்கள். கம்பைலர், சிப் வடிவமைப்புக் கருவிகள், வயர்லெஸ் மோடம் பக்கமும் மதிப்பு உண்டு. இணையதளம், ஆப்களின் சர்வர் பக்கத்தை எழுதுகிற சாதாரண பேக்எண்ட் வேலைக்கு? பைசா பிரயோஜனமில்லை. "இவர் ரெண்டு மாசத்துல போயிடுவாரோ" என்று ஹெச்ஆர் யோசிப்பதுதான் மிச்சம்.

பிஎச்.டி. என்கிற இந்தச் சரக்கில் உண்மையிலேயே வேலை செய்கிற பாகம் இன்டர்ன்ஷிப். பாடங்கள் முடிந்ததும் வரும் வாய்மொழித் தேர்வான காம்ப்ரிஹென்சிவ் வைவா முடிந்த பிறகு, மூன்றாவது அல்லது நான்காவது வருடத்தில், பன்னிரண்டு வாரம். கோடையில் சேர வேண்டுமென்றால் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போக வேண்டும். அதைப் பலர் மார்ச்சில் தேட ஆரம்பித்துக் கோட்டை விடுகிறார்கள். கைடிடம் முன்கூட்டியே பேசி, ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டியின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். அந்த மாதங்களில் உதவித்தொகை தொடருமா என்பதையும் அலுவலகத்தில் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. அங்கே செய்ததைத் தீசிஸில் சேர்க்கலாமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். சேர்த்த பிறகு ஒரு அத்தியாயத்தையே உருவ வேண்டி வந்தால் ஒரு வருடம் போய்விடும்.

அடுத்து நேர்காணல். தன் ஆய்வை விளக்கிப் பேசும் ஒரு மணி நேர ஜாப் டாக்கில் தேறுபவர்கள் கோடிங் ரவுண்டில் சறுக்குவது சகஜம். 45 நிமிடத்தில் இரண்டு வரிசைப்படுத்திய பட்டியல்களை இணைக்கச் சொன்னால், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்கிற சிக்கலளவை (complexity) அழகாக நிரூபித்துவிட்டு, ஒரு பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை விட்டுவிடுவார்கள். ஐந்து வருடம் பைத்தான் நோட்புக்கிலேயே குடியிருந்ததன் பலன் இது! நான்கு மாதம் முன்பிருந்தே தினம் இரண்டு கோடிங் கணக்கு, கடிகாரம் வைத்து, எழுதிப் பழக வேண்டும்.

பேப்பர் எண்ணிக்கையை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. நியூரிப்ஸ் (மெஷின் லேர்னிங்), பிஎல்டிஐ (நிரலாக்க மொழிகள்) மாதிரி முன்னணி மாநாடுகளில் முதல் ஆசிரியராக இரண்டு இருந்தால், காசு கட்டிப் போடுகிற ஜர்னல்களில் வந்த பத்தைவிடக் கனம் அதிகம். கூடவே, வேறொருவர் கணினியிலும் ஓடுகிற புரோகிராம் கோடு வேண்டும். லைப்ரரிகளின் வெர்ஷன் எண்களை எழுதாமல், டேட்டா இருக்குமிடமாகத் தன் லேப்டாப் முகவரியையே விட்டுவைத்த ரெப்போ (கோடு வைக்கிற இணையக் கிடங்கு) எதிர்விளம்பரம்.

பகுதிநேர பிஎச்.டி.யை யுஜிசியின் 2022 விதிமுறை அனுமதிக்கிறது. ஏற்கெனவே ஆர் அண்ட் டி குழுவில் இருந்து, அலுவலகப் பிரச்சினையையே ஆய்வாக்க முடிந்தவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு விசிட்டிங் கார்டில் ஒரு 'முனைவர்'.

தீசிஸ் வெளித் தேர்வாளர்களிடம் போனால் அறிக்கை திரும்பப் பல மாதம் ஆகும். வேலையில் சேரும் தேதியை அதை நம்பிக் கொடுக்க வேண்டாம். 'தீசிஸ் சமர்ப்பித்த சான்று போதும்' என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி வேலைக்கு ஐந்துக்கு நாலரை, பொது மென்பொருள் வேலைக்கு ஒன்றரை.