சம்பளத்தோடு வெளிவேலை வருமானமும் உள்ளவர்கள் கவனத்துக்கு: ‘ரீஃபண்ட் ஆடிட்டர்’ செய்த வேலை

மாதச் சம்பளத்தோடு வெளிவேலை வருமானமும் உள்ளவர்கள், “ரீஃபண்ட் வந்தால் மட்டும் கமிஷன் கொடுங்கள்” என்று சொல்லி வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து தருபவர்களிடம் போக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கோவையில் அப்படிப்பட்ட ஒருவரிடம் 2024 ஜூலையில் என் கணக்கைக் கொடுத்தேன். வாசலில் ‘ஆடிட்டர் ஆபீஸ்’ என்று பலகை இருந்தது. அவர் பட்டயக் கணக்காளரே அல்லர் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் சிவில் இன்ஜினியர். 2023-24 நிதியாண்டில் என் சம்பளம் 9,00,000 ரூபாய். அதில் புதிய வரி முறைப்படி 41,600 ரூபாய் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருந்தார்கள். வார இறுதிகளில் வீடு கட்டுபவர்களுக்கும் சிறு பில்டர்களுக்கும் கட்டடக் கணக்கும் வரைபடமும் போட்டுக் கொடுத்ததில் 4,80,000 ரூபாய் கிடைத்தது. அதில், தொழில்முறைக் கட்டணங்களுக்கான 194ஜே பிரிவின் கீழ் 48,000 ரூபாய் பிடித்தம். பொறியாளர் தொழில் 44ஏடிஏ பிரிவுக்குள் வருவதால், வரவில் பாதியான 2,40,000 ரூபாயை லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவத்தைத் தாக்கல் செய்திருந்தால் மொத்த வரி 76,440 ரூபாய்தான் ஆகியிருக்கும். மிச்சம் 13,160 ரூபாய் நேர்மையாகவே எனக்குத் திரும்பி வந்திருக்கும்.

அவர் செய்தது வேறு. என் தொழில் வரவை, சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் சாதாரண வியாபாரம் என்று காட்டி, 6 சதவீதமாகிய 28,800 ரூபாயை மட்டும் லாபமாக எழுதினார். பிறகு, இந்தக் கழிவுகள் கிடைக்கும் பழைய வரி முறைக்கு மாற்றி, அரசியல் கட்சிக்கு நன்கொடை என்று 80ஜிஜிசி பிரிவில் 1,60,000 ரூபாயும், கல்விக் கடன் வட்டி என்று 75,000 ரூபாயும் கழித்தார். நான் எந்தக் கட்சிக்கும் பத்து ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. கல்விக் கடனும் வாங்கியதில்லை. இவற்றோடு என் உண்மையான சேமிப்புக் கழிவு 1,50,000 ரூபாயையும் கழித்து, வருமானத்தை ஐந்து லட்சத்துக்குக் கீழே, 4,93,800 ரூபாயில் கொண்டுவந்து நிறுத்தினார். ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் பழைய முறையில் வரியே இல்லை. 89,600 ரூபாய் ரீஃபண்ட் வந்தது. 20 சதவீதக் கமிஷன் என்று 17,920 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அவர் என் கையில் கொடுத்தது ஒரு பக்க ஒப்புகைச் சீட்டு மட்டுமே. அதில் மொத்த வருமானமும் ரீஃபண்ட் தொகையும் இருக்குமே தவிர, எந்தப் பிரிவில் எவ்வளவு கழித்தார்கள் என்பது இருக்காது. முழுப் படிவத்தைக் கேட்டதற்கு, “அதெல்லாம் சிஸ்டத்துல இருக்கு சார், உங்களுக்கு எதுக்கு?” என்றார்.

2025 ஜூலையில், போலிக் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்த இடைத்தரகர்களைத் தேடி 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்திய செய்தியைப் படித்தேன். ஒரு முறை மட்டும் பயன்படுத்திவிட்டுக் கைவிடும் மின்னஞ்சல் முகவரிகளை இவர்கள் கொடுப்பதால், துறையின் நோட்டீஸ்கள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆதார் ஓடிபி மூலம் கடவுச்சொல்லை மாற்றி என் கணக்குக்குள் போனபோது, சுயவிவரப் பக்கத்தில் இருந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் எனக்கு முன்பின் தெரியாதவையாக இருந்தன.

போலி நன்கொடையைவிட என்னை அதிகம் பாதித்தது, படிவம் 10-ஐஇஏ. சம்பளம் மட்டும் வாங்குபவர் ஆண்டுதோறும் பழைய முறையையோ புதிய முறையையோ விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானமும் உள்ளவர் பழைய முறைக்குப் போக வேண்டுமானால் இந்தப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்; புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்ப முடியும், அதன்பின் தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறை கிடையாது. ரிட்டர்னைச் சரிபார்க்க என்று சொல்லி என்னிடம் ஓடிபி வாங்கி இதையும் அனுப்பிவிட்டார். இதனால் அந்த ஆண்டுக்கு நான் பழைய முறையிலேயே கணக்குத் தீர்க்க வேண்டியதாயிற்று. போலிக் கழிவுகளை நீக்கி, தொழில் வரவில் பாதியை லாபமாகக் காட்டி, சேமிப்புக் கழிவு 1,50,000 ரூபாய் மட்டும் போக வரி 1,04,520 ரூபாய். வாங்கிய ரீஃபண்டைத் திருப்பிச் செலுத்தி, மேலும் 14,920 ரூபாயும், வட்டியும், இவை எல்லாம் சேர்ந்த தொகையில் 25 சதவீதக் கூடுதல் வரியும் கட்டி, ஐடிஆர்-யூ (புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்) தாக்கல் செய்தேன். துறையே முதலில் பிடித்திருந்தால் 270ஏ பிரிவில் 200 சதவீதம் வரை அபராதம் விதித்திருக்கலாம்.

கமிஷனைத் திருப்பிக் கேட்டபோது, “எல்லாரும் இப்படித்தான் சார் போடறாங்க, நோட்டீஸ் வந்தா பாத்துக்கலாம்” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சிஎஸ்ஆர் (புகார் ஏற்பு) ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். பணம் வரும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

இப்படிப்பட்டவர்களிடம் ரிட்டர்ன் போட்டவர்கள் இன்றே துறையின் இணையதளத்தில் நுழைந்து, தாக்கலான முழுப் படிவத்தையும் இறக்கி, பிடித்த வரியின் விவரம் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் உள்ள 194ஜே வரவுகள் அதில் எந்தப் பிரிவில் ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு (2024-25 நிதியாண்டின் வருமானம்) என்றால் 2025 டிசம்பர் 31 வரை கூடுதல் வரி இல்லாமல் திருத்தப்பட்ட ரிட்டர்ன் போட முடிந்தது. என்னைப் போல 2024-25 மதிப்பீட்டு ஆண்டு என்றால் 2026 மார்ச் 31 வரை ஐடிஆர்-யூவுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி. அதற்குப் பிறகு அது 50 சதவீதம்.