"நீங்கள் கட்ட வேண்டியது 2,500 டாலர்தான்" என்று வரும் கடிதம்: கையெழுத்திடும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தில்தான்.

ஆண்டுச் செலவு 58,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ஸ்காலர்ஷிப், 5,500 மாணவர் கடன், 20,000 பெற்றோர் பிளஸ் கடன் (பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் அரசிடம் வாங்கும் கடன்) மூன்றையும் 'உதவி' என்ற ஒரே தலைப்பில் கூட்டி, அடியில் 'மீதி 2,500' என்று போட்டிருப்பார்கள். கடன் எப்படி உதவியாகும்? அந்தக் குடும்பத்தின் உண்மைச் செலவு ஆண்டுக்கு 28,000. போதாததற்கு, பிளஸ் கடனைக் கொடுக்கும்போதே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 20,000 கேட்டால் 800 டாலருக்கு மேல் குறைந்துதான் கல்லூரிக்குப் போய்ச் சேரும். 91 சதவீதக் கல்லூரிகள் நிகரச் செலவை, அதாவது ஸ்காலர்ஷிப் போன்ற இலவச உதவி போக மீதியை, காட்டுவதே இல்லை, அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று அரசுத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022-இல் மதிப்பிட்டது.

அடுத்த அடி இரண்டாம் ஆண்டில் விழும். ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் நிலையான தொகை. கல்விக் கட்டணம் அப்படியல்ல. 44,000 டாலர் கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் நான்காம் ஆண்டில் ஏறத்தாழ 49,500. நான்காண்டில் கூடுதலாக ஏறத்தாழ 10,800 டாலர் கைப்பணம் போகும். ஸ்காலர்ஷிப் தொடர எவ்வளவு ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும், ஒரு செமஸ்டர் தவறினால் மீட்க வழி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

'95 சதவீதம் பேருக்கு வேலை' என்ற விளம்பரத்தில் எத்தனை பேரைக் கொண்டு அந்தச் சதவீதம் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். பட்டம் பெற்றவர்கள் 400, பதில் சொன்னவர்கள் 200, அவர்களில் வேலையிலோ மேற்படிப்பிலோ இருப்பவர்கள் 190 என்றாலும் 95 சதவீதம்தான். குறைந்தது 65 சதவீதம் பேரின் நிலையாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது கல்லூரிகளும் வேலை தருபவர்களும் சேர்ந்த நேஸ் (NACE) சங்கத்தின் பரிந்துரை. அந்த விகிதத்தைச் சொல்ல மறுக்கும் கல்லூரியின் 95-க்கு மதிப்பில்லை. பகுதிநேர வேலையும் இதில் சேருமா என்பதையும் கேளுங்கள்.

சிறிய கல்லூரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நர்சிங் துறை பெரிதாக இருந்தால் அதன் சம்பளமே மொத்தச் சராசரியைத் தூக்கிவிடும். வரலாறு படிக்கப்போகும் பிள்ளைக்கு அந்த எண்ணால் பயனில்லை. அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளத்தில் பாடப்பிரிவு வாரியாகத் தேடினால், மாணவர் எண்ணிக்கை குறைந்த பிரிவுகளுக்குத் தகவலே காட்டாது. அங்குள்ள சம்பள விவரமும் அரசு நிதியுதவி பெற்றவர்களை மட்டுமே கணக்கில் கொண்டது. நர்சிங்கே படிப்பதானால், மாநில நர்சிங் வாரியம் வெளியிடும் என்கிளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு) தேர்ச்சி விகிதம்தான் நம்பத்தக்கது.

கல்லூரியே மூடப்படும் அபாயத்தையும் லேசாக எடுக்காதீர்கள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களான கார்டினல் ஸ்ட்ரிச், ஹோலி நேம்ஸ் இரண்டும் 2023-இலும், கப்ரினி 2024-இலும் மூடப்பட்டன. அப்படி நடுவழியில் மாறும்போது, இறையியல் பாடங்களின் கிரெடிட்டைப் புதிய கல்லூரி வெறும் விருப்பப் பாடமாக மட்டும் ஏற்கக்கூடும், பட்டம் தள்ளிப்போகும். கல்லூரியின் நிதி நிலையைக் காட்ட அமெரிக்கக் கல்வித் துறை வெளியிடும் நிதிப் பொறுப்பு மதிப்பெண்ணைத் தேடிப் பாருங்கள். உச்சம் 3, 1.5-க்குக் கீழே என்றால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

இவற்றை முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். வேறு கல்லூரியின் கடிதத்தை இணைத்து, கூடுதல் ஸ்காலர்ஷிப் கேட்டு நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதலாம். இடம் நிரம்பாத சிறிய கல்லூரிகள் இறங்கி வர வாய்ப்பு உண்டு; முன்பணம் கட்டிவிட்டால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.