டேப்பா, ஹார்ட் டிஸ்க்கா?

பழைய கேசட்டிலிருந்து சுருக்காமல் எடுத்த 10 பிட் வீடியோ, ஒரு மணி நேரத்துக்கே கிட்டத்தட்ட 100 ஜிபி பிடிக்கும். ஆயிரம் மணி நேரம் சேர்ந்தால் எங்கே வைப்பது?

ஹார்ட் டிஸ்க் கேட்ட கோப்பை உடனே தரும். ஆனால் சில வருடங்களில் மாற்றியே ஆகவேண்டும். அலமாரியில் சும்மா வைத்ததையும் நம்ப முடியாது. ஒருநாள் செருகினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வரும்.

டேப் என்றால் இங்கே எல்டிஓ, கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் காந்த நாடா. அதன் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டிபி (18,000 ஜிபி) கொள்ளும். குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் 30 வருடம் தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் கணக்கு. டேப்பை எழுதிப் படிக்கும் கருவியான டிரைவின் விலைதான் லட்சங்களில். அப்புறம், எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-7 டேப்பைப் படிக்காது. டேப் நன்றாக இருந்தாலும் தலைமுறை மாறும்போது நகலெடுக்கத்தான் வேண்டும்.

என் ஓட்டு, மூலப் பிரதிக்கு டேப். அதுவும் இரண்டு, வெவ்வேறு ஊரில். பார்ப்பதற்கான சின்னப் பிரதிக்கு டிஸ்க் போதும்.