காசிமேட்டு உப்புக்காற்றில் ஐபி கேமரா

கடலோரத்தில் குடியிருக்கிறவர்கள் வீட்டுக்கு ஐபி கேமரா, அதாவது நெட்வொர்க்கில் இணையும் கண்காணிப்பு கேமரா, வாங்கப் போனால் மெகாபிக்சலைப் பற்றிக் கொஞ்சம் கம்மியாகவும், கேபிளையும் கனெக்டரையும் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவும் விசாரிக்கலாம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். புது ஜன்னல் கொக்கியே ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிடும். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பருக்கு முந்தின கோடையில் மாட்டிய மூன்று கேமராவும் இன்னும் ஓடுகின்றன. மூன்றும் 4 மெகாபிக்சல். படத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை, அந்த விலையில் எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வைஃபை கேமரா வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மாடியில் நின்று போனைப் பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களே திரை முழுக்க. மலிவான கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. தவிர, வைஃபை என்றாலும் கரண்டுக்கு ஒரு வயர் போகத்தானே வேண்டும்? பிஓஇ முறையில் ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் போகும், படமும் வரும். 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

அந்தக் கேபிளில்தான் கடைக்காரர்கள் விளையாடுவார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரே மாதிரி நீலப் பெட்டியில் ரெண்டு விலை சொன்னார்கள். பிளேடு வாங்கி ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். விலை குறைந்ததில் மேலே செம்பு பூச்சு, உள்ளே வெள்ளையாக மின்னும் அலுமினியம். "வீட்டுக்குத்தானே சார், இது போதும். மிச்சக் காசுக்கு இன்னொரு கேமராவே போட்டுடலாம்" என்றார் கூட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி. அலுமினியத்தில் மின்தடை அதிகம். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஐஆர் விளக்கு (இருட்டில் படம் பிடிக்க உதவும் அகச்சிவப்பு வெளிச்சம்) எரிய ஆரம்பித்ததும் கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும், தூரம் அதிகமானால் வோல்டேஜ் இறங்கி கேமரா ஆஃப் ஆகி ஆன் ஆகும். நமக்குக் கேமரா வேண்டியதே ராத்திரிக்குத்தான். முழுச் செம்பில் செய்த கேட்6 ரக நெட்வொர்க் கேபிளே வாங்கினேன்.

அடுத்தது கனெக்டர். கேமராவின் பின்னால் வாலாகத் தொங்கும் வயரின் நுனியில், நெட்வொர்க் கேபிளைச் சொருகும் ஆர்ஜே45 சாக்கெட்டில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், உள்ளே ஓடும் 48 வோல்ட் டிசி கரண்ட் அந்தத் தங்க முலாம் பின்களைச் சீக்கிரமே பச்சை பூத்து அரிக்க வைத்துவிடும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு அடையாளமாக ஐபி67 என்று பெட்டியில் போட்டிருப்பது கேமரா உடம்புக்கு. இணைப்பை நாம்தான் மூட வேண்டும். ஒவ்வொரு கேமராவுக்குப் பின்னாலும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். இணைப்பு அதற்குள், ரப்பர் வளையம் போட்ட மூடியோடு. மேலே தன்னாலே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே இறங்கி ஏறும்படி விட்டால், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஸ்க்ரூ, உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கிடைத்தால் வாங்குங்கள். சாதா ஸ்க்ரூ சுவரில் துருக்கோடு வழிய விடும்.

வாசல் கேமராவுக்கு 4 மிமீ லென்ஸ், தெருப் பக்கத்துக்கு 2.8 மிமீ. 2.8-இல் தெரு மொத்தமும் தெரியும், ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பர் படிக்க வராது. ரெண்டாவது மாடி உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைதான் பதிவாகும். ஒன்பது அடி போதும். மாட்டிய மறுநாளே எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். "இன்னாப்பா, உன் கேமரா எங்க வூட்டு வாசலையே பாத்துனு கீது?" அவர் கேட்டது நியாயம். பிரைவசி மாஸ்க் வைத்து அவர் வாசலைக் கறுப்புக் கட்டமாக மறைத்து, போனில் காட்டினேன்.

எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் நாளுக்கு 21 ஜிபி சொச்சம். மூன்றுக்கும் சேர்த்து 2 டிபி டிஸ்க்கில் ஒரு மாதம் நிற்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் எழுதத் தாங்கும் கண்காணிப்பு ரக டிஸ்க்காகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த டிஸ்க் இருக்கும் பதிவுப் பெட்டியான என்விஆரைப் பரணில் வைத்தேன். புயலில் கீழ்வீட்டில் தண்ணீர் ஏறியபோது அது தப்பியது அதனால்தான். ரவுட்டர், கேமராக்களுக்குக் கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச், என்விஆர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். ஸ்விட்சோ என்விஆரோ நின்றால் பதிவு இல்லை, ரவுட்டர் நின்றால் வெளியிலிருந்து போனில் பார்க்க முடியாது.

2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது பெரிய தந்திரத்தால் அல்ல, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். இப்போது வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டே வாங்கலாம். நான் ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரத் தானாக வழி திறந்துவிடும் யுபிஎன்பி வசதியை அணைத்துவிட்டு, கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வைத்திருக்கிறேன். மாட்டிக் கொடுத்தவரிடம் அட்மின் பாஸ்வேர்ட் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். என்விஆர் கடிகாரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். தெருவில் பைக் காணாமல் போய் போலீஸ் காட்சி கேட்கும்போது நேரம் தப்பாக இருந்தால் ஆயிரம் கேள்வி வரும்.

குறைகளும் இருக்கின்றன. கொசுப் புகை வண்டி வந்தால் மூன்று கேமராவும் வெள்ளையடித்து, போனில் அலர்ட் கொட்டும். மனித அசைவுக்கு மட்டும் அலர்ட் என்று மாற்றிய பிறகு பூனை, காக்காய் தொல்லை குறைந்தது. ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒட்டடைக் குச்சி கையிலேயே இருக்க வேண்டும். கைக்கெட்டும் இடம் என்று படிக்கட்டில் போட்ட, அரைக்கோள மூடி கொண்ட டோம் கேமராவில் உப்புப் படலம் ஏறி, ராத்திரியில் ஐஆர் அந்தக் கண்ணாடி மூடியிலேயே பட்டுத் திரும்பி, படம் பால் கொட்டியது போல ஆகிறது. துடைத்தால் சில நாள் சரியாகும், பிறகு பழைய கதைதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அங்கே மூடியில்லாத டரட் வகை மாட்டப்போகிறேன். பழைய கேபிளும் பாக்ஸும் அப்படியே இருக்கும், கேமராவை மட்டும் மாற்றிச் சொருகினால் வேலை முடிந்தது.